எரிபொருளை மிச்சப்படுத்திய மேதை: ருடால்ப் டீசலின் கதை

போடியில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் அதிகாலையிலேயே ஜீப்புகளின் உறுமல் கேட்கத் தொடங்கிவிடும். கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டுக்கும், லோயர் கேம்பில் இருந்து குமுளிக்கும் இதே காட்சிதான். ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் தூக்குச்சட்டியை மடியில் வைத்தபடி நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் பாலக்காட்டில், வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை வழியாக லாரிகளும் வாடகைக் கார்களும் இரவு பகலாக ஓடுகின்றன.

வண்டி ஓட்டுகிறவர்கள் கூடும் டீக்கடைகளில் அடிக்கடி அடிபடும் பேச்சு ஒன்று உண்டு. வண்டி முன்போல மைலேஜ் கொடுக்கவில்லை என்பதுதான் அது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு 90 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் ஏழரை லிட்டர் டீசல் போதும். அதே வண்டி 9 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்றால் 10 லிட்டர் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 225 ரூபாய் நஷ்டம். மாதம் 25 நாள் ஓடினால் 5,625 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு புகையாகப் போய்விடுகிறது!

எரிபொருள் வீணாவதைப் பொறுக்க முடியாமல் வாழ்நாள் முழுவதும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தவர் ஒருவர் உண்டு. அவருடைய பெயரைத்தான் பங்க்கில் நாம் தினமும் சொல்கிறோம். டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயர் அல்ல. அது ஒரு மனிதரின் பெயர்.

அகதியாக வந்த சிறுவன்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். பிழைப்புத் தேடி பாரீசில் குடியேறியவர்கள். தந்தை தியோடர் தோல் சாமான்கள் செய்து விற்று வந்தார். செய்த சாமான்களை வாடிக்கையாளர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை. ஓய்வு கிடைத்தால் அவன் இயந்திரக் காட்சிசாலைக்கு ஓடிவிடுவான். அங்கே இருந்த பழைய நீராவி வண்டியையும் மற்ற இயந்திரங்களையும் பார்த்துப் படம் வரைவான்.

1870-ம் ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரீசில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வீடு, தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டீசல் குடும்பம் லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கும் வறுமை. எனவே 12 வயது ருடால்பை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பினார்கள். அந்த உறவினர் கணித ஆசிரியர்.

வேற்றூரில் பிழைக்கிறவர்களுக்கு இந்த வேதனை புரியும். பிரான்சில் அவன் ஜெர்மன்காரன். ஜெர்மனியிலோ பாரீசில் இருந்து வந்த பையன். அவனுக்குத் துணையாக இருந்தது படிப்பு ஒன்றுதான். 14 வயதிலேயே என்ஜினீயர் ஆவது என்று முடிவு செய்து பெற்றோருக்கு எழுதினான். வகுப்பில் முதலாவதாகத் தேறினான். உதவிச் சம்பளம் கிடைத்ததால் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர முடிந்தது.

90 பங்கு வீண்

அந்தக் கல்லூரியில் டீசலுக்குப் பாடம் நடத்தியவர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதன இயந்திரத்துறையில் உலகப் புகழ் பெற்றவர். ஒரு நாள் அவர் நீராவி என்ஜினைப் பற்றிச் சொன்ன செய்தி டீசலின் மனதில் ஆணி அடித்ததுபோல் பதிந்தது.

நீராவி என்ஜினில் 100 பங்கு நிலக்கரியை எரித்தால், அதில் ஏறத்தாழ 10 பங்கு அல்லது அதற்கும் குறைவான வெப்பம்தான் வேலையாக மாறுகிறது. மீதி 90 பங்கு புகைபோக்கி வழியாகவும் ஆவியாகவும் வீணாகிறது. பாலக்காடு வழியே நீராவி ரெயில் ஓடிய காலத்தில், அனலுக்கு முன்னால் நின்று ஷவலால் கரியை அள்ளிப்போட்ட பயர்மேனின் உழைப்பிலும் பெரும்பகுதி இப்படித்தான் காற்றில் போனது.

இந்த வீண் செலவைக் குறைக்க வேண்டும் என்று மாணவன் டீசல் தன் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைத்தான். அன்று முதல் அதே சிந்தனைதான்.

1879-ல் இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அடுத்த தேர்வு வரும்வரை சுவிட்சர்லாந்தில் உள்ள சுல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880-ம் ஆண்டு தேர்வு எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். பிறகு லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காக பாரீஸ் சென்றார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். 3 குழந்தைகள் பிறந்தன.

பகலில் சம்பளத்துக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் புது என்ஜின் ஆராய்ச்சி. முதலில் அம்மோனியா ஆவியை வைத்து என்ஜின் செய்ய முயன்றார். ஒரு சோதனையில் இயந்திரம் வெடித்து, உயிர் பிழைத்ததே பெரிய காரியமாயிற்று. நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனாலும் அவர் விடவில்லை.

சைக்கிள் பம்பின் ரகசியம்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை இறுக்கினால் அதற்குச் சூடு ஏறும். இதுதான் டீசல் என்ஜினின் அடிப்படை.

சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து அதைக் கடுமையாக இறுக்க வேண்டும். காற்று எண்ணெயைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். அந்த நேரத்தில் எண்ணெயைப் பனித்துளிபோல் தூவினால், தீப்பொறி இல்லாமலே எரியும். பெட்ரோல் என்ஜினுக்குத் தேவைப்படும் ஸ்பார்க் பிளக் இதற்குத் தேவையில்லை. காற்றை எவ்வளவு அதிகமாக இறுக்குகிறோமோ அந்த அளவுக்கு வெப்பம் வேலையாக மாறும், எண்ணெய் மிச்சமாகும்.

1892-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். 1893-ல் உரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 34. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும், புகழ்பெற்ற குருப் கம்பெனியும் சோதனைக்கு உதவ முன்வந்தன.

1893-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ந்தேதி முதல் சோதனை நடந்தது. எண்ணெய் உள்ளே போனதும் சிலிண்டருக்குள் பயங்கர அழுத்தம். அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. மற்றவர்கள் பயந்தார்கள். டீசலோ மகிழ்ந்தார். தீப்பொறி இல்லாமல் எண்ணெய் எரியும் என்று நிரூபணமாகிவிட்டது அல்லவா!

1894-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந்தேதி மறுபடியும் ஒரு சோதனை. தொழிற்சாலையின் பெல்ட் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று பெல்ட்டின் இழுப்பு மாறியது. பெல்ட் என்ஜினை இழுக்கவில்லை. என்ஜின் பெல்ட்டை இழுக்கிறது! அதைக் கண்டுபிடித்தவர் பக்கத்தில் நின்ற மெக்கானிக். அவர் ஒன்றும் பேசாமல் தலைத்தொப்பியை எடுத்து மரியாதை செய்தார். என்ஜின் சொந்த பலத்தில் ஓடியது ஒரே ஒரு நிமிடம்தான்.

அந்த ஒரு நிமிடத்தைப் பல மணி நேரமாக மாற்ற மேலும் 3 ஆண்டுகள் ஆயின. 1897-ம் ஆண்டு, அதே பிப்ரவரி 17-ந்தேதி, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் என்ஜினை அதிகாரபூர்வமாகச் சோதித்தார். ஏறத்தாழ 18 குதிரைசக்தி. நிமிடத்துக்கு 154 சுற்று. ஒரு குதிரைசக்திக்கு ஒரு மணி நேரத்துக்குச் செலவான மண்ணெண்ணெய் 238 கிராம். எண்ணெயின் வெப்பத்தில் 100-க்கு 26 பங்கு வேலையாக மாறியிருந்தது. அன்றைக்கு உலகத்தில் வேறு எந்த என்ஜினும் இந்தக் கணக்கின் அருகே வர முடியவில்லை. அந்த என்ஜின் இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்றைய வண்டிக்கும் அதே விதி

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் டீசலின் விதிகள் மாறவில்லை. காற்று தாராளமாக வேண்டும். அது நன்றாக இறுக வேண்டும். எண்ணெய் பனித்துளியாகத் தூவப்பட வேண்டும். சரியான நேரத்தில் தூவப்பட வேண்டும். மைலேஜ் குறைந்தால் இந்த நான்கில் எது கெட்டது என்று பார்ப்பதே முதல் வேலை.

ஆனால் அதற்கும் முன்னால், மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே பங்க்கில், அதே அளவுக்கு மறுபடியும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் சரியான மைலேஜ். டாஷ்போர்டு முள்ளைப் பார்த்துச் சொல்வது கணக்கு ஆகாது. மூணாறு ஏறியதையும் கோவை சாலையில் போனதையும் ஒப்பிடக் கூடாது. ஒரே பாதையை ஒரே பாதையோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது புகை. கறுப்புப் புகை வந்தால் எண்ணெய் அதிகம், காற்று குறைவு என்று பொருள். முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். மண் ரோட்டில் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் அடைத்துவிடும். டர்போ உள்ள வண்டியில் காற்றுக் குழாய் கிழிந்திருந்தாலும் இதே கோளாறுதான். பில்டர் சுத்தமாக இருந்தும் புகை போகவில்லை என்றால் நாசிலைச் சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த நாசில் எண்ணெயைத் தூவாது, ஒழுகவிடும். ஒழுகிய எண்ணெய் முழுவதும் எரியாது. பம்ப் கடையில் கொடுத்துச் சோதிப்பதே வழி.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம். இறுக்கம் குறைந்த என்ஜின் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது, ஏற்றத்தில் இழுக்காது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, இழுவையும் குறைந்தால், எண்ணெய் தூவும் நேரம் தாமதமாகியிருக்கலாம். பம்ப் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டையும் பார்க்க வேண்டும்.

என்ஜினில் குற்றமே இல்லாமலும் மைலேஜ் குறையும். டயரில் காற்றுக் குறைவு, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், நழுவும் கிளட்ச் ஆகியவையும் எண்ணெயைக் குடிக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பாகத்தின் அருகே கையைக் கொண்டுபோனால், பிரேக் பிடிக்கும் சக்கரம் மற்றவற்றைவிட அதிகமாக அனல் வீசும். எண்ணெய்க் குழாய் மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மலைப்பாதைக்காரர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், சக்கரமே என்ஜினைச் சுழற்றும். பம்ப் எண்ணெயை ஏறக்குறைய நிறுத்திவிடும். நியூட்ரலில் என்ஜின் தானாக ஓட எண்ணெய் வேண்டும். மிச்சமும் இல்லை, பிரேக்குக்கு என்ஜினின் உதவியும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் உயிருக்கே ஆபத்து.

2020-க்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பக்கத்திலேயே ஓடி ஓடி நிற்கும் காரில் அது அடைத்துக்கொண்டு மைலேஜைக் குறைக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் கூடாது.

கோடீசுவரர் ஆனார்

1897 சோதனைக்குப் பிறகு டீசலின் வீட்டு வாசலில் பணம் வந்து குவிந்தது. அமெரிக்காவின் பெரிய பீர் ஆலை அதிபர் அடால்பஸ் புஷ் தன் நாட்டு உரிமைக்கு 10 லட்சம் மார்க் கொடுத்தார். தோல் சாமான் சுமந்த சிறுவன் 40 வயதில் கோடீசுவரர் ஆனார். மியூனிக்கில் அரண்மனை போன்ற வீடு கட்டினார்.

1900-ம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. அதற்காக இன்று யாரும் கடலை எண்ணெயை டேங்கில் ஊற்றிவிடக் கூடாது. தடித்த எண்ணெய் இன்றைய நாசிலை அடைத்துவிடும். பிறகு டீசல் என்ஜின் ஆற்றுப் படகுகளில் ஏறியது. 1912-ல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் கோபன்ஹேகனில் இருந்து பாங்காக் வரை டீசல் என்ஜினிலேயே பயணம் செய்தது.

தொழிலாளர்களைப் பற்றியும் அவர் சிந்தித்தார். தொழிலாளர்கள் தினமும் சில காசு சேர்த்துப் பொது நிதி அமைத்து, தாங்களே முதலாளிகளாகித் தொழில் நடத்தலாம் என்று 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார். 10 ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார்கள். விற்றது சில நூறுதான். என்ஜினைக் கண்டுபிடித்ததைவிட இந்தத் திட்டத்தையே பெரிதாக நினைத்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஒழுகியது எங்கே?

வெளியில் பார்த்தவர்கள் அவருக்கு என்ன குறை என்று நினைத்தார்கள். ஆனால் உள்ளுக்குள் கப்பல் ஓட்டையாகிக்கொண்டிருந்தது. முதலில் விற்ற என்ஜின்கள் பல பழுதாகித் திரும்பி வந்தன. கண்டுபிடிப்பு உன்னுடையது அல்ல என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். தலைவலியும் மன உளைச்சலும் அவரைச் சிகிச்சை விடுதிக்கு அனுப்பின. எண்ணெய் வயல்களிலும் நிலங்களிலும் போட்ட பணம் மூழ்கியது. ஒரு கிராம் எண்ணெய் எங்கே போகிறது என்று கணக்கு வைத்தவர், தன் பணம் எங்கே ஒழுகுகிறது என்பதைக் கடைசிவரை மனைவி மக்களிடம்கூடச் சொல்லவில்லை. ஆடம்பர வீடு, விருந்து, வேலைக்காரர்கள் எல்லாம் முன்போலவே நடந்தன.

1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி மாலை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். அது ஓர் இங்கிலாந்து ரெயில்வே கம்பெனிக்குச் சொந்தமான கப்பல். இங்கிலாந்தில் ஒரு கூட்டத்துக்காகப் பயணம். உடன் வந்த இரு நண்பர்களோடு இரவு உணவு சாப்பிட்டார். மேல் தளத்தில் உலாவினார். 10 மணிக்கு, காலை 6.15 மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

காலையில் அறை காலி. படுக்கை கலையவே இல்லை. அவருடைய தொப்பியும் மடித்து வைத்த மேல்கோட்டும் தளத்தின் கம்பி ஓரத்தில் கிடைத்தன. நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு நேராக ஒரு சிறிய சிலுவைக்குறி மட்டும் இருந்தது.

அக்டோபர் 10-ந்தேதி ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. உடல் மிகவும் சிதைந்திருந்ததால் சட்டைப் பையில் இருந்த சிறு பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரைப் பெட்டி, பர்ஸ், பேனாக்கத்தி, கண்ணாடிக்கூடு ஆகியவற்றைப் பார்த்து, அவை தந்தையுடையவைதான் என்று மகன் யூஜின் அடையாளம் காட்டினார். டீசலுக்கு அப்போது வயது 55.

புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே ரொக்கப் பணமும், பாங்கிக் கணக்குகள் காலி என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. சொத்தைவிடக் கடன் அதிகம் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்திகள் பரவின. எதற்கும் சான்று கிடைக்கவில்லை. கடன் பாரம் தாங்காமல் கடலில் விழுந்திருக்க வேண்டும் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

அவர் காணாத காட்சி

தன் என்ஜின் சாதாரண லாரியிலும் காரிலும் ஓடுவதை டீசல் பார்க்கவே இல்லை. அவர் காலத்து என்ஜினில் எண்ணெயைத் தூவத் தனியாக ஒரு பெரிய காற்று அழுத்தி வேண்டியிருந்தது. அவ்வளவு எடையை வண்டி தாங்காது. 1924-ல்தான் ஜெர்மனியில் டீசல் லாரிகள் வந்தன. 1927-ல் பாஷ் கம்பெனியின் சிறிய எண்ணெய் பம்ப் வந்ததும் வழி திறந்தது. 1936-ல் மெர்சிடிஸ் டீசல் கார் வெளிவந்தது. இந்தியாவில் காசி நகர ரெயில்வே தொழிற்சாலை 1964 முதல் டீசல் என்ஜின்களைச் செய்து தந்தது. பாலக்காடு பாதையில் கரிப்புகை மறைந்து டீசல் வந்தது. இன்று அங்கே மின்சார ரெயில்கள் ஓடுகின்றன.

அன்று 26 பங்காக இருந்த பயன், இன்றைய நல்ல கார் என்ஜினில் சுமார் 40 பங்கு வரையிலும், பெரிய கப்பல் என்ஜின்களில் 50 பங்குக்கு மேலும் உயர்ந்திருக்கிறது. எல்லாம் அந்த மாணவன் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிய ஒரு வரியில் இருந்து வந்தது.

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். ஒவ்வொரு முறை டீசல் நிரப்பும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அதன் பின்பக்கத்தில் வீட்டு வரவு செலவையும், வாங்கிய கடனையும் எழுதி வையுங்கள். எழுதியதை வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டுங்கள். டீசல் என்ற மேதை செய்யத் தவறியது அது ஒன்றுதான்.